களையிழந்த துவைக்கும் இடம்: கோளாறு எங்கே, எதில் முதலில் கை வைப்பது?

எங்கள் வீடு சென்னையில் ஒரு பழைய ஃபிளாட். சமையலறைக்குப் பின்னால் ஐந்தடிக்கு ஏழடியில் ஒரு யுட்டிலிட்டி. ஒரு பக்கம் கிரில், மறுபக்கம் கடப்பாக்கல் பதித்த தட்டுகள், நடுவில் வாஷிங் மெஷின், மூலையில் பக்கெட்டும் துடைப்பமும். வீட்டிலேயே மங்கலான இடம் அதுதான். ஒரு பொங்கலுக்கு வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தபோது, அங்கே மட்டும் பளிச்சென்று மஞ்சள் அடிக்கச் சொன்னேன். பங்குனி வரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அப்புறம் குழாய்க்குக் கீழே கொப்புளம் விட்டது. ஆடி முடிவதற்குள் கையகலத்துக்குப் பூச்சோடு உதிர்ந்தது.

அடுத்த முறை வேலையின் வரிசையையே மாற்றினேன். முதலில் தண்ணீர், பிறகு மின்சாரம், அதன்பின் வெளிச்சம், சாமான். நிறத்தைக் கடைசிக்குத் தள்ளினேன். துவைக்கும் இடம் களையிழந்து கிடப்பதற்குப் பெரும்பாலான வீடுகளில் நிறம் காரணமே இல்லை. நிற்கக் கூடாத இடத்தில் தண்ணீர் நிற்கும், விழ வேண்டிய இடத்தில் வெளிச்சம் விழாது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் அடிக்கும் பெயின்ட் காசுக்குப் பிடித்த கேடு.

கீழே ஒவ்வொரு அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது இருக்கிறதோ அதைப் பாருங்கள். ஆனால் அதற்கு முன், அந்த இடத்தில் தினமும் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடம், "இங்க உங்களுக்கு எதுக்கா தொந்தரவு?" என்று கேட்டேன். "குழாய் ரொம்பத் தாழ இருக்கு தம்பி, பக்கெட் அடியில நிக்கமாட்டேங்குது. சாய்ச்சு சாய்ச்சுப் பிடிக்கறதுல இடுப்பு போகுது" என்றார். பத்து வருஷமாக அந்தக் குழாயைப் பார்த்தும் எனக்கு அது தோன்றியதில்லை. சுவரை உடைத்த அன்றே குழாயை ஓரடி உயர்த்தினோம்.

பெயின்ட் கொப்புளம் விடுகிறது, சுவரில் உப்புப் பூக்கிறது

இதுதான் ஆணிவேர். சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் செங்கல், சிமென்ட் இவற்றிலுள்ள உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு வெள்ளை மாவு போல மேலேயே தங்கிவிடும். பெயின்ட்டைத் தள்ளி உரிப்பது இந்த உப்பும் ஈரமும்தான். ஓதம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, இரண்டு வாரம் கவனித்து எழுதுங்கள். மழையோ வெயிலோ, துவைத்தாலும் துவைக்காவிட்டாலும் ஈரம் ஒரே அளவில் இருந்தால், சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் கசிகிறது. எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் குழாய் அது ஒன்றுதான். துவைத்த நாளில் மட்டும் ஈரம் ஏறினால், கழிவுநீர்க் குழாயின் இணைப்பிலோ தரை ஓரத்திலோ கோளாறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வந்து தையில் காய்ந்துவிட்டால், வெளிச்சுவரில் விரிசல். கறை மேல்தளத்திலிருந்து கீழே இறங்கினால் மேல்வீட்டுக் குளியலறையையோ யுட்டிலிட்டியையோ பார்க்க வேண்டும். இதை அந்த வீட்டுக்காரரிடம் பொறுமையாகப் பேசித்தான் தீர்க்க முடியும்.

சந்தேகம் தீரவில்லையா? ஓரடிச் சதுர பாலிதீன் தாளை எடுத்து, சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்து கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்காற்றிலுள்ள ஈரம். அதற்குச் சுவரை உடைக்க வேண்டாம், காற்று வெளியேற வழி செய்தால் போதும்.

எங்கள் வீட்டில் சுவருக்குள் ஒரு எல்போ, அதாவது குழாயைத் திருப்பும் வளைவு, கசிந்துகொண்டிருந்தது. முதல் முறை பெயின்ட் அடிக்க வந்தவர் அதைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. கசிவை அடைத்த பிறகு செய்ய வேண்டியது இது: உதிரும் பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். சுவரைச் சில வாரங்கள் திறந்தபடி காயவிடுங்கள். இதற்குத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பிறகு வாட்டர்ப்ரூஃபிங் கலந்த கலவையில் பூசி, நன்றாகத் தண்ணீர் காட்டி, புதுப்பூச்சு ஆறுவதற்கு நான்கு வாரம் விட்டு, அதற்கப்புறம் பிரைமர்.

"ஓதம் தடுக்கும் பெயின்ட் இருக்கு சார், ரெண்டு கோட் அடிச்சா போதும்" என்று யாராவது சொன்னால், கசிவு நின்றுவிட்டதா என்று முதலில் கேளுங்கள். உள்ளே தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது மேலே பூட்டுப் போட்டால், அது பக்கத்துச் சுவர் வழியாகச் சமையலறையில் தலைகாட்டும். ஈரச்சுவரின் மேல் டைல்ஸ் ஒட்டுவதும் அப்படித்தான். காய்ந்த பிறகு, தண்ணீர் தெறிக்கும் பக்கத்துக்கு நாலடி உயரம் டேடோ (சுவரின் கீழ்ப்பகுதிக்கு டைல்ஸ்) ஒட்டிக்கொள்வது நல்லது.

தரை எப்போதும் ஈரம், மூலையில் தண்ணீர் தேங்குகிறது

ஒரு பக்கெட் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். எங்கே குளம் கட்டியிருக்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். கொத்தனார்கள் சொல்லும் வாட்டம் அங்கே இல்லை. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு செ.மீ. சரிவாவது வடிகாலை நோக்கி இருக்க வேண்டும். ரசமட்டத்தை வைத்தால் உடனே தெரிந்துவிடும். தரையை மாற்றும் அன்று கொத்தனாருடன் நின்று, டைல்ஸ் ஒட்டும் முன்பும் பின்பும் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல கொத்தனார் அவரே ஊற்றிக் காட்டுவார்.

பழைய தரையை எடுக்கிறீர்கள் என்றால், வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு பூசிக் காய்ந்ததும் வடிகாலைத் துணியால் அடைத்து, இரண்டங்குலம் தண்ணீர் கட்டி ஒரு முழு நாளாவது நிறுத்துங்கள். கீழ்வீட்டில் முன்கூட்டியே சொல்லி அவர்கள் மேல்தளத்தைப் பார்த்துவரக் கேளுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டினால், பிறகு கசிவு வரும்போது எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். தரைக்கு வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தால் வயதானவர்களுக்கு எலும்பு சேர மாதங்கள் ஆகும். சொரசொரப்பான மேட் டைல்ஸ், ஓரடிக்கு ஓரடி அளவில் போதும். பெரிய டைல்ஸில் சின்ன இடத்துக்கு வாட்டம் கொடுப்பது சிரமம்.

உள்ளே நுழைந்தாலே வாடை

வாடை மூன்று வகை. சாக்கடை வாடை, மெஷின் வாடை, ஈரத்துணி வாடை. மூக்கு நன்றாகவே பிரித்துச் சொல்லும்.

சாக்கடை வாடை என்றால் தரை வடிகாலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் பொறுங்கள். வாடை அடங்கிவிட்டால், வடிகாலுக்கு அடியில் இருக்கும் நாணி டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கிறது. அந்த இரண்டங்குலத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கும் கதவு. ஊருக்குப் போய்விட்டு வரும்போது வீடு நாறுவதும் இதனால்தான். ஊற்றியும் அடங்காவிட்டால், மெஷினின் கழிவுக் குழாய் டிராப் இல்லாமல் நேராகச் சுவர்க் குழாயில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. பிளம்பரைக் கூப்பிட்டு அந்தக் குழாய்க்கும் ஒரு டிராப் போடச் சொல்லுங்கள். அந்த ஹோஸின் மேல்வளைவு பெரும்பாலான மெஷின்களில் தரையிலிருந்து இரண்டடிக்கும் மூன்றடிக்கும் நடுவில் இருக்கச் சொல்வார்கள். உங்கள் மெஷினின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். தாழ இருந்தால் உறிஞ்சுவிசையில் தண்ணீர் தானாகவே வெளியே போய்க்கொண்டிருக்கும்.

மெஷின் வாடை முன்பக்கக் கதவுள்ள மெஷின்களில்தான் அதிகம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை விரித்துப் பாருங்கள், கருப்பாகப் பாசி போலப் படிந்திருக்கும். எப்போதும் பச்சைத் தண்ணீரில் துவைப்பதும், தேவைக்கு மேல் சோப்பு போடுவதும் இதை வளர்க்கின்றன. வளையத்தைத் துடைத்து, கீழே இருக்கும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, மாதம் ஒருமுறை துணியில்லாமல் மெஷினில் இருக்கும் அதிகச் சூட்டில் ஓட்டுங்கள். துவைத்து முடிந்ததும் கதவைத் திறந்தே வையுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ஆளில்லாதபோது மட்டும் மூடிக்கொள்ளலாம். ஈரத்துணி வாடைக்கு, துணி காயவைப்பது பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஆசிட், வினிகர் இவற்றோடு ஒருபோதும் கலக்காதீர்கள். ஒன்றை ஊற்றிய அதே வடிகாலில் உடனே மற்றொன்றையும் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சின்ன இடத்தில் அது நுரையீரலையே பாதிக்கும். சுத்தம் செய்பவர் வேறொருவர் என்றால் இதை அவரிடம் கட்டாயம் சொல்லி, இரண்டு டப்பாவையும் வேறுவேறு தட்டில் வையுங்கள்.

மெஷின் ஆடுகிறது, இடம் நகர்கிறது

புது மெஷின் என்றால் பின்னால் இருக்கும் டிரான்சிட் போல்ட்டுகளை (கொண்டுவரும் வழியில் டிரம் ஆடாமல் பூட்டியிருப்பவை) கழற்றினார்களா என்று பாருங்கள். பழைய மெஷின் என்றால் நான்கு காலும் தரையில் படிகிறதா, மேலே ரசமட்டம் நேராக நிற்கிறதா என்று பார்த்து, காலைத் திருகிச் சரிசெய்து, நட்டை இறுக்குங்கள். தரையை வாட்டத்தோடு போட்டபின் இதை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். ஒரே கனமான போர்வையைத் தனியாகப் போட்டாலும் ஆடும், அது கோளாறில்லை.

தொட்டால் சுர்ரென்கிறது

பெயின்ட், டைல்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள். மெஷினைத் தொடும்போது லேசாகக் கூசினாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லை, அல்லது மெஷினுக்குள் எங்கோ மின்சாரம் கசிகிறது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் இது. தண்ணீரைச் சூடாக்கும் மெஷின் சுமார் 2000 வாட் இழுக்கும், அதாவது ஒன்பது ஆம்பியர் அளவுக்கு. 6 ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் பாயின்ட், தனி வயர், குழாயை விட உயரத்தில், மூடியுள்ள பெட்டியில் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போட்டு ஓட்டவே கூடாது. வீட்டு டிபியில், அதாவது மெயின் மின்பெட்டியில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

பகலிலும் இருட்டு

தண்ணீருக்கு அடுத்தபடி மங்கலுக்குக் காரணம் இது. முதலில் கிரில்லைப் பாருங்கள். எங்கள் வீட்டில் கிரில் முழுக்கப் பழைய பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் புறாவுக்காகக் கட்டிய அட்டை, அதன்மேல் பத்து வருஷத் தூசி. ஷீட்டையும் அட்டையையும் எடுத்துவிட்டுப் புறா வலை மட்டும் கட்டினோம். பாதி வெளிச்சம் அன்றே வந்துவிட்டது. மழைச்சாரல் தெறிக்கும் பக்கத்துக்கு மட்டும், சுருட்டி ஏற்றக்கூடிய தட்டி போட்டுக்கொண்டோம். கிரில் துருப்பிடித்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், பிறகு வெள்ளை எனாமல் அடியுங்கள். கறுப்புக் கிரில் வெளிச்சத்தை விழுங்கும். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் இதைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டிவரும்.

அடுத்தது விளக்கு. அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே ஒரு பல்பு, நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். துணியைக் கையில் எடுத்தால் நம் நிழலே அதன்மேல் விழும். சட்டைக் காலர் அழுக்கும் சாம்பார்க் கறையும் தெரியவே தெரியாது. 20 வாட் எல்இடி டியூப் ஒன்றை, நிற்பவருக்கு முன்பக்கச் சுவரில், தலைக்கு மேலே போடுங்கள். நிறத்துக்கு 4000 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 6500 நீலம் கலந்து ஆஸ்பத்திரி போல இருக்கும். 3000 மஞ்சளடிப்பதால் வெள்ளைத் துணியின் மஞ்சள் கறை அதில் மறைந்துபோகும்.

மேல்தளத்துக்கு வெள்ளை அடியுங்கள். செலவு குறைவு, ஆனால் டியூப்பின் வெளிச்சம் அங்கே பட்டு அறை முழுக்க இறங்கும்.

மழைக்காலத்தில் துணி காய்வதில்லை

ஐப்பசி பிறந்தால் மூன்று நாள் ஈரத்துணி தலைக்கு மேல் தொங்கும். எந்த நிறம் அடித்தும் அந்த இடம் சிரிக்காது. மேல்தளத்தில், கயிறு இழுத்தால் ஒவ்வொரு கம்பியாக இறங்கும் ஹேங்கர் போடுங்கள். அதன் கொக்கியைக் கான்கிரீட்டில் ஆங்கர் போட்டு மாட்ட வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டக் கூடாது. நனைந்த ஜீன்ஸும் பெட்ஷீட்டும் என்ன கனம் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு துணிக்கு நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். சுவரில் ஒரு சின்ன ஃபேன் காற்றை வெளிப்பக்கம் தள்ளினால் ஒரு நாள் மிச்சமாகும். கிரில் இல்லாத மூடிய அறை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம், அதற்குக் காற்று உள்ளே வர கதவின் கீழ் இடைவெளியும் வேண்டும். மெஷினில் இன்னொரு தடவை ஸ்பின் மட்டும் ஓட்டுவது எல்லாவற்றிலும் சுலபம்.

எங்கே பார்த்தாலும் சாமான்

போகிக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கூடத்தில் பரப்புங்கள். துவைப்பதற்கும் துடைப்பதற்கும் வேண்டாத எதுவும் திரும்ப உள்ளே போகக் கூடாது. எங்களுக்குக் காலி பெயின்ட் டப்பா ஏழு, உடைந்த மாப் மூன்று கிடைத்தன.

அலமாரி போடுவதாக இருந்தால் சாதாரண பிளைவுட் வேண்டாம், ஓரத்தில் ஊறி உப்பும். ஐஎஸ் 710 என்று அச்சிட்ட மரைன் பிளை, அல்லது பிவிசி பலகை போடலாம். கடப்பாக்கல் தட்டு இருந்தால் உடைக்காதீர்கள். அழுகாது, கரையான் அரிக்காது, நூறு கிலோ வைத்தாலும் அசையாது. அதன் கறுப்புதான் உறுத்துகிறது என்றால், தட்டுக்குப் பின்சுவரையும் உள்பக்கத்தையும் வெள்ளையாக்குங்கள். கறுப்பு ஒரு கோடு போல நின்று அழகாகிவிடும். அது சுண்ணாம்புக்கல் வகை என்பதை மறக்க வேண்டாம். போர் தண்ணீரின் வெள்ளைப் படிவமும் சுண்ணாம்புதான். குழாயில் படிந்ததை எடுக்க எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்துச் சுற்றி வைக்கலாம். அதே கரைசல் கடப்பாக்கல்லில் சிந்தினால் கல்லையும் அரித்து மங்கலாக்கிவிடும்.

துடைப்பம், மாப் இரண்டையும் சுவரில் தொங்கவிடுங்கள். தரை தெரிந்தாலே இடம் பெரிதாகிவிடும்.

எல்லாம் சரி, ஆனாலும் களை வரவில்லை

இப்போது நிறத்துக்கு வரலாம். கடையில் கொடுக்கும் ஷேட் கார்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரல்நுனி அளவுச் சதுரத்தில் சாந்தமாக இருப்பது சுவரில் கத்தும். எனக்கு உதவியது அம்மாவின் பட்டுப்புடவைகள். மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட புடவை ஒன்றை அந்தச் சுவரில் காலையிலும் மாலையிலும் தொங்கவிட்டுப் பார்த்தேன். எந்த நிறத்துக்கு எது கரை கட்டும் என்று நெசவாளர்கள் எப்போதோ முடிவு செய்துவைத்திருக்கிறார்கள். மயில்கழுத்து, வாடாமல்லி, கிளிப்பச்சை எல்லாமே அப்படிப் பார்க்கலாம். பிறகு சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடிச் சதுர அட்டையில் அடித்து ஒரு வாரம் சாய்த்து வையுங்கள்.

நான்கு சுவருக்கும் அடிக்க வேண்டாம். மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் மஞ்சளாகத்தான் இருக்கும், பக்கத்தில் பிடிக்கும் வெள்ளை வேட்டி பழுப்பாகத் தெரியும். அதனால் மெஷின் பக்கம் வெள்ளை, சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியும் எதிர்ச்சுவர் மட்டும் மாம்பழ நிறம், அதன் அடியில் அரையடிக்கு அரக்கு. துடைத்தால் போகும் சாட்டின் வகை எமல்ஷன் எடுங்கள். மேட் பெயின்ட்டில் சோப்புத் துளி பட்ட இடம் திட்டாக நிற்கும்.

ஆத்தங்குடிக் கல் போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் செய்யும் சிமென்ட் கல் அது, சூளையில் சுடுவதில்லை. அந்தப் பூவேலை போல ஒரு இடத்தைச் சிரிக்கவைப்பது வேறில்லை. ஆனால் சிமென்ட் என்பதால் ஆசிட் பட்டால் நிறம் போகும், தேங்கும் சோப்புத் தண்ணீரும் ஆகாது. துவைக்கும் தரையில் போடாதீர்கள். எதிர்ச்சுவரில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் ஒரே வரிசை ஒட்டினால் பல வருஷம் இருக்கும்.

கிரில்லில் ஒரு மணி பிளான்ட், வெயில் வருமென்றால் ஒரு துளசி. தொட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள். வாடகை வீடு என்றால் சுவரைத் தொட வேண்டியதில்லை. விளக்கு, கிரில், சாமான், செடி, ஒரு வண்ணத்தட்டி, இவை ஐந்தும் நீங்கள் கிளம்பும்போது உங்களோடு வரும் அல்லது யாருக்கும் ஆட்சேபம் இராது. ஓதம் இருந்தால் மட்டும் அதைப் போட்டோ எடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

மிச்சமிருக்கும் பெயின்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். டப்பாவின் மேல் ஷேட் எண்ணையும் அடித்த தேதியையும் மார்க்கரில் எழுதி, உபரியான நாலு டைல்ஸோடு பரணில் ஏற்றிவையுங்கள். சுவருக்குள் குழாய் எங்கே போகிறது என்று, பூசுவதற்கு முன் எடுத்த போட்டோவையும் பிரின்ட் போட்டு அந்த டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள்.